வாசல் அடைத்த மாதங்கள்: சிங்கப்பூரில் மனத்தெம்பு எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 9 நிமிடம்தான் வித்தியாசம். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத தீவு இது. காலை ஏழு மணியை ஒட்டி விடியும், மாலை ஏழு மணியை ஒட்டி இருட்டும். ஜனவரியானாலும் ஜூலையானாலும் அதே கணக்குத்தான். பனிக்காலம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஆனால் குளிர்நாடுகளில் அந்தப் பருவம் மனிதரை வாட்டுவது குளிரால் மட்டும் நேர்வதன்று. வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பது, ஆள்முகம் பார்க்க முடியாதிருப்பது, நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியாமல் போவது, இது எப்போது முடியும் என்ற கேள்விக்கு விடை கிடைக்காதிருப்பது ஆகிய எல்லாம் சேர்ந்தே மனத்தைச் சாய்க்கின்றன.

இவை அத்தனையும் 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 தொற்றோடு சிங்கப்பூருக்கு வந்தன. வெயில் காயும் ஏப்ரல், மே மாதங்களில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் கதவுகளுக்குப் பின்னால், இந்நகரம் தன் கடுங்குளிர்காலத்தைக் கழித்தது.

அந்த மாதங்களில் மனம் தளராமல் இருந்தவர்கள் எதைப் பற்றிக்கொண்டு இருந்தார்கள்? தளர்ந்துபோனவர்களுக்கு எது கிடைக்காமல் போயிற்று? நம்பிக்கையோடு இருங்கள் என்று ஒருவரிடம் சொல்வதால் உண்மையில் பயன் உண்டா? லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா முதல் பொங்கோல் வரை பொதுவெளியில் பதிவாகியுள்ள அனுபவங்களையும், உலகின் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடைகள் கிடைக்கின்றன.

ஒளியும் எண்ணமும்

குளிர்கால மனச்சோர்வுக்கு மருத்துவ உலகம் பெயர் வைத்தது 1984இல். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசெந்தால், அங்கே குளிர்காலம் வந்தாலே தம் சுறுசுறுப்புக் குறைவதைக் கவனித்தார். அமெரிக்க தேசிய மனநல ஆய்வகத்தில் தம் சகாக்களுடன் அதை ஆராய்ந்து, ஆண்டுதோறும் பகல் குறுகும்போது வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வு வகையை விவரித்தார். சாதாரண வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை. நோயாளிகளைக் காலை வேளையில் 10,000 லக்ஸ் வெளிச்சத்தின் முன் அரை மணி நேரம் உட்காரவைப்பது இன்று அதற்கான வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று.

ஒளி மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா என்ற ஐயத்தை எழுப்பியது நார்வேயின் டிரோம்சோ நகரம். வடதுருவ வட்டத்துக்கும் மேலே, நவம்பர் கடைசியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாத ஊர் அது. உளவியல் ஆய்வாளர் கேரி லீபோவிட்ஸ் அங்கே தங்கி, குளிர்காலத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். தெற்கு நார்வேயில் இருப்பவர்களைவிட வடக்கே, இருள் கூடுதலாக இருக்கும் இடங்களில் வாழ்பவர்களே குளிர்காலத்தை அதிக விருப்பத்தோடு வரவேற்றார்கள். அப்படி வரவேற்றவர்களுக்கு வாழ்க்கையில் மனநிறைவும் கூடுதலாக இருந்தது. அவருடைய ஆய்வுக் கட்டுரை 2020இல் வெளிவந்தது.

இதைக் கேட்டதும், எல்லாம் எண்ணத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்குத் தாவத் தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனியிலும் வெளியே நடக்கிறார்கள், பனிச்சறுக்குக்குப் போகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றி நண்பர்களை வீட்டுக்கு அழைக்கிறார்கள், ஜனவரியில் சூரியன் திரும்பும் நாளைக் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்துக்கு அடியில் பல தலைமுறைகளாக அமைந்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. கனடாவின் டொரொன்டோவில் வாழும் தமிழர்களும் உறைபனி நடுவே பொங்கல் கொண்டாடுகிறார்கள். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்ட பிறகு, ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதமே அங்குள்ள தமிழருக்கு மேடையும் பாட்டும் நிறைந்த மாதமாயிற்று.

மழைக்காலத்து ஒத்திகை

சிங்கப்பூருக்கும் சிறிய அளவில் ஒரு மந்தமான பருவம் உண்டு. டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஜனவரி வரை வலுத்துப் பெய்யும். டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாகிறது. சில ஆண்டுகளில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். 2018 ஜனவரியில் அப்படிப் பெய்தபோது சில இடங்களில் வெப்பநிலை 22 டிகிரிக்கும் கீழே இறங்கியது. அலமாரி மூலையில் கிடந்த கம்பளிச் சட்டைகளுக்கு வேலை வந்தது. 2025 ஜனவரியில் 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் பெய்த மழை, அம்மாதம் முழுவதற்குமான சராசரியைத் தாண்டியது.

இந்த மழை வாரங்களில் கம்பிகளில் துணி காயாது. புளோக்கின் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டிருக்கும் முதியவர்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள். பூங்கா நடைப்பயிற்சி நிற்கும். இருந்தாலும் இது விரைவில் விட்டுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பொங்கலுக்கு முன் லிட்டில் இந்தியாவில் கரும்பும் மஞ்சள்கொத்தும் இறங்கிவிடும், சிராங்கூன் சாலையில் பொங்கல் ஒளியூட்டு எரியும், தைப்பூசத்துக்கு நாள் நெருங்கும். முடிவு தெரிந்த சிரமத்தை மனம் தாங்கிக்கொள்கிறது. 2020இல் குலைந்துபோனது அந்த நிச்சயம்தான்.

ஐம்பத்தாறு நாள்

அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொலைக்காட்சியில் தோன்றி, சர்க்கியூட் பிரேக்கர் எனப்பட்ட கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கையை அறிவித்தார். ஏப்ரல் 7 முதல் மே 4 வரை என்பது முதல் திட்டம். ஏப்ரல் 21ஆம் தேதி அது ஜூன் 1 வரை நீட்டிக்கப்பட்டது. மொத்தம் 56 நாள். பள்ளிகள் வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறின. ஜூன் விடுமுறை மே மாதத்துக்கு முன்தள்ளப்பட்டது. உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஒரே ஊரில் இருக்கும் மகன் தாயைப் பார்க்கப் போக முடியாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் பக்தர்களுக்கு மூடப்பட்டன.

சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீவக அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். மூவறை, நாலறை வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து இருப்பதும் உண்டு. ஒரே சாப்பாட்டு மேசையில் அப்பாவின் அலுவலகம், பிள்ளையின் வகுப்பறை, அம்மாவின் காய்கறி நறுக்கு. அந்த நெருக்கடியில் எரிச்சல் வளர்ந்த வீடுகளும் இருந்தன. ஒருவரையொருவர் புதிதாக அறிந்துகொண்ட வீடுகளும் இருந்தன. மனநலக் கழகம் 2020 மே முதல் 2021 ஜூன் வரை நடத்திய ஆய்வில், கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். எட்டில் ஒருவர் என்பது பெரிய எண்ணிக்கை.

மீதமுள்ளவர்களைத் தாங்கிப் பிடித்தவற்றுள் நான்கைத் தனித்தனியாகச் சொல்லலாம்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, கைக்கு ஒரு வேலை, காதுக்குத் தெரிந்த குரல், எதிர்நோக்க ஒரு தேதி.

ஒழுங்கும் கைவேலையும்

கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தபோதும் ஒரு கதவு திறந்தே இருந்தது. தனியாக, அல்லது ஒரே வீட்டில் வசிப்பவர்களோடு, வெளியே நடக்கலாம், ஓடலாம், மிதிவண்டி ஓட்டலாம். விளையாட்டுத் திடல்கள் மூடியிருந்தாலும் பூங்காக்கள் திறந்திருந்தன. அதுவரை பேருந்து நிறுத்தத்துக்கு மட்டுமே நடந்தவர்கள் மாலையில் தங்கள் பேட்டையின் பூங்கா இணைப்புப் பாதைகளில் நடக்கத் தொடங்கினார்கள். மேகம் மூடிய நாளிலும் வெட்டவெளியின் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு. உடற்பயிற்சி, பகலொளி, குறித்த நேரத்தில் எழுந்து குறித்த நேரத்தில் உறங்குதல் ஆகிய மூன்றும் மனநிலையைச் சீராக்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எளிய அந்த அனுமதி, எத்தனையோ பேரின் நாளுக்கு ஒரு நங்கூரத்தைக் கொடுத்தது.

கைவேலையின் கதை இன்னும் சுவையானது. அடுமனைப் பொருள் கடைகளில் மாவும் ஈஸ்டும் தீர்ந்துபோகும் அளவுக்கு ஊரே சமையலறையில் இறங்கியது. தேசியப் பூங்காக் கழகம் 2020 ஜூன் மாதம் வீட்டிலேயே காய்கறி வளர்க்க விரும்புவோருக்கு இலவச விதைப் பொட்டலங்களை அறிவித்தது. 1,50,000 குடும்பங்களுக்குக் கொடுப்பதாகத்தான் முதலில் திட்டம். கேட்டவர்களின் எண்ணிக்கை எதிர்பார்ப்பை மீறவே, கடைசியில் 4,00,000க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் வீடுகளுக்குப் போயின. தாழ்வாரத்துத் தொட்டியில் கீரை முளைப்பதை நாள்தோறும் குனிந்து பார்ப்பவருக்கு நாளை என்ற ஒன்று உறுதியாகிறது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மனம் சரியான பிறகு வேலையில் இறங்கலாம் என்று காத்திராமல், சிறிய, பொருளுள்ள செயலை முதலில் செய்தால் மனம் பின்னாலேயே வரும் என்ற அடிப்படையில் ஒரு சிகிச்சை முறையே உண்டு. கோவாவில் சங்காத் அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவருடைய சகாக்களும் அதைச் சோதித்தார்கள். மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு முறை பேசவைத்தார்கள். எந்தச் செயல்கள் உங்களைத் தூக்கிவிடுகின்றன, அவற்றை இந்த வாரம் எப்போது செய்யப் போகிறீர்கள் என்பதுதான் பேச்சின் சாரம். மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு. முடிவுகள் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. விலை உயர்ந்த மருந்தோ கருவியோ இல்லாமல், சொந்த மொழியில், சொந்த ஊர்க்காரர் துணையோடு கிடைத்த பலன் இது.

தெரிந்த குரல்

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு ஒலி 96.8 வானொலி, வசந்தம் தொலைக்காட்சி, 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு நாளிதழ் ஆகியவை இருந்தன. வீட்டில் தனியாக இருந்த ஒரு பாட்டிக்கு, எத்தனை பேருக்குத் தொற்று, எந்தக் கடை திறந்திருக்கிறது, முகக்கவசத்தை எங்கே வாங்கலாம் என்பதை அவருடைய மொழியில் சொல்லும் குரல் நாள் முழுதும் வீட்டில் ஒலித்தது. தகவல் தெளிவாகக் கிடைத்தால் பயம் அதன் அளவுக்குள் நிற்கும்.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்தரக் கதைக்களம் இணையத்துக்கு மாறியது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளும் திரைவழி தொடர்ந்தன. ஏப்ரல் 25ஆம் தேதி இரவு 7.55 மணிக்கு ஊர் முழுவதும் சன்னல்களிலும் தாழ்வாரங்களிலும் மக்கள் கைவிளக்கோடு நின்று, டிக் லீ இயற்றிய ‘ஹோம்’ பாடலைச் சேர்ந்து பாடினார்கள். முன்களப் பணியாளர்களுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் நன்றி சொல்லும் ஏற்பாடு அது. சில நிமிடப் பாட்டு நோயை ஒன்றும் செய்துவிடாது. அடுத்த புளோக்கிலும் ஆள் இருக்கிறார்கள், அவர்களும் விழித்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தது பலருக்கு அன்றிரவு போதுமானதாக இருந்தது.

திரையைத் தொட்டுப் பழகாத முதியவர்கள்தான் இந்த வலையிலிருந்து நழுவினார்கள். அவர்கள் கூடும் மூத்தோர் நிலையங்கள் மூடப்பட்டன. காப்பிக்கடை மேசைகள் கயிறு கட்டி மறைக்கப்பட்டன. காலையில் சந்தை, பிறகு கோயில், மாலையில் கீழ்த்தளத்துப் பேச்சு என்று போன நாள்கள் ஒரே வாரத்தில் வெறுமையாயின. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் வெளியிட்ட எண்கள் வேதனையானவை: 2020இல் 452 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அது 2012க்குப் பிறகு மிக அதிகம். அவர்களில் 154 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 1991க்குப் பிறகு முதியோரிடையே அவ்வளவு உயர்ந்த எண்ணிக்கை பதிவானதில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் பல காரணங்கள் பின்னியிருக்கும். ஒன்றை மட்டும் சுட்டுவது நியாயமாகாது. ஆனால் தனிமை முதியவர்களை எவ்வளவு ஆழமாகத் தாக்கும் என்பதை அந்த ஆண்டு எச்சரித்தது. 2020 மே மாதமே மூத்தோருக்குக் கைப்பேசி, காணொளி அழைப்பு முதலியவற்றைக் கற்றுக்கொடுக்கும் அரசாங்கத் திட்டம் தொடங்கப்பட்டது. 2021இல் மொத்த எண்ணிக்கை 378ஆகக் குறைந்தது.

தேக்காவின் நாட்காட்டி

லிட்டில் இந்தியா அதுவரை காணாத அமைதி அது. அதுவரை இருபத்துநான்கு மணி நேரமும் விளக்கெரிந்த முஸ்தபா சென்டர், ஏப்ரல் தொடக்கத்தில் தொற்றுக் குழுமமாக அடையாளம் காணப்பட்டு மூடப்பட்டது. மே மாதம்தான் மறுபடி திறந்தது. 1947இலிருந்து இயங்கும் கோமள விலாஸ் போன்ற உணவகங்களில் பொட்டலம் மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோளோடு தோள் உரசி நடக்க வேண்டிய கேம்பல் லேனும் ரேஸ்கோர்ஸ் சாலையும் வெறிச்சோடின. பூக்கடைக்காரருக்கும் நகைக்கடைக்காரருக்கும் வருமானம் நின்றது.

இருந்தும் இந்த வட்டாரத்தை நிமிர்த்தியது அதன் நாட்காட்டி. 2020 நவம்பர் 14 தீபாவளி. லிட்டில் இந்தியா வர்த்தகர், மரபுடைமைச் சங்கமான லிஷா முன்னின்று நடத்தும் தீபாவளி ஒளியூட்டு அவ்வாண்டும் சிராங்கூன் சாலைக்கு மேலே வளைந்து நின்றது. வீட்டுக்கு ஐந்து விருந்தினர்தான் வரலாம் என்பதால் குடும்பங்கள் முறை வைத்துப் பெரியவர்களைப் பார்க்கப் போயின. முறுக்கும் அதிரசமும் கதவு வரை வந்து சேர்ந்தன. எண்ணெய்க் குளியலும் புதுத்துணியும் தொலைபேசி வாழ்த்தும் வழக்கம்போல நடந்தன.

2021 ஜனவரி 28ஆம் தேதி தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை போகும் பாதயாத்திரையும் காவடியும் அவ்வாண்டு இல்லை. பால்குடங்களைக் கோயிலே தயாரித்து வைத்தது. பக்தர்கள் முன்பதிவு செய்த நேரத்துக்கு வந்து பால் செலுத்திவிட்டுப் போனார்கள். பல ஆண்டு நேர்த்திக்கடன் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆயினும் விழா ரத்தாகவில்லை. குறைந்த அளவில் நடந்த விழா, அடுத்த ஆண்டுக்கான வாக்குறுதியாக நின்றது. 2023 பிப்ரவரியில் காவடிகள் திரும்பியபோது, காத்திருந்தவர்களின் முகத்தில் அந்த வாக்குறுதி நிறைவேறிய மகிழ்ச்சி தெரிந்தது.

துருவப் பகுதிகளில் மாதக்கணக்கில் அடைபட்டிருக்கும் குழுவினரை ஆராய்ந்த பெக்டெல், பெர்னிங் ஆகிய இருவரும் 1991இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தனிமைக் காலத்தின் பாதியைத் தாண்டிய பிறகு, மூன்றாம் கால்பகுதியில்தான் மனம் அதிகம் சரிகிறது; பாதி முடிந்தது என்ற நிம்மதியைவிட இன்னும் பாதி இருக்கிறது என்ற அயர்ச்சி மேலோங்குகிறது. எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மே 4ஆம் தேதியை எண்ணிக் கொண்டிருந்த சிங்கப்பூரர்கள், ஏப்ரல் 21ஆம் தேதி மாலை ஜூன் 1 என்று கேட்டபோது அடைந்த சோர்வை இது விளக்குகிறது. அப்படிப்பட்ட வேளையில் விலகாத தேதிகள் தேவைப்படுகின்றன. விரதம், பண்டிகை, திதி என்று நாட்காட்டியோடு வாழும் வழக்கம் தமிழருக்குக் கைகொடுத்தது அதனால்தான்.

தங்குவிடுதியில் நல்லெண்ணம்

இதுவரை சொன்னவை வீடு இருந்தவர்களின் கதை. தேக்காவுக்கு ஞாயிறுதோறும் உயிர் கொடுக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் கதை வேறு.

ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலின் எஸ்11 தங்குவிடுதியும் வெஸ்ட்லைட் தோ குவான் தங்குவிடுதியும் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 ஊழியர்கள் ஒரே நாளில் அறைகளுக்குள் அடைபட்டனர். அடுத்தடுத்து மற்ற விடுதிகளும் மூடப்பட்டன. ஓர் அறையில் பத்து, இருபது பேர், அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. தமிழ்ப் புத்தாண்டு அந்தக் கட்டில்களில்தான் கழிந்தது. 2020 டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, தங்குவிடுதிகளில் வாழ்ந்த சுமார் 3,23,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது.

புதுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ கடன் வாங்கி முகவருக்குக் கட்டிவிட்டு வந்த ஒருவருக்கு, அந்த அறையில் நோய்ப் பயம் ஒரு பக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். ஊரில் பெற்றோருக்கு உடல்நலமில்லை என்றாலும் விமானம் கிடையாது. நடக்கப் பூங்கா இல்லை, சமைக்க அடுப்பில்லை, தனியாக அழக்கூட இடமில்லை. ஆகஸ்டு மாதம் விடுதிகளில் சிலர் தங்களைத் தாங்களே வருத்திக்கொண்ட சம்பவங்கள் செய்தியாயின. மனிதவள அமைச்சு அவற்றைக் கவனித்து வருவதாகத் தெரிவித்தது.

நோய்ப்பரவல் அடங்கி விடுதிகள் வேலைக்குத் திறந்த பிறகும், வேலையிடம், விடுதி, பொழுதுபோக்கு நிலையம் என்ற வட்டத்துக்குள்தான் அவர்கள் வாழ்க்கை சுழன்றது. 2021 செப்டம்பரில், வாரத்துக்கு 500 பேர் வரை சமூகத்துக்குள் போய்வரலாம் என்ற சோதனைத் திட்டம் வந்தது. முதலில் அழைத்துச் செல்லப்பட்ட இடங்களில் லிட்டில் இந்தியாவும் ஒன்று. வெளியே போகப் பெரும்பாலோருக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை என்ற நிலை 2022 ஜூன் 24ஆம் தேதிதான் வந்தது. மற்ற சிங்கப்பூர்வாசிகளுக்கு எட்டு வாரத்தில் தளரத் தொடங்கிய கட்டுப்பாடு, இவர்களுக்கு இரண்டு ஆண்டைத் தாண்டியது.

இவர்களிடம் போய் நம்பிக்கையாக இருங்கள் என்று மட்டும் சொல்வது எவ்வளவு போதாது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. ஜெர்மானிய உளவியலாளர் காப்ரியல் எட்டிங்கனும் டோரிஸ் மாயரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நல்லது நடக்கும் என்று அனுபவத்தின் அடிப்படையில் எதிர்பார்ப்பதையும், நல்லது நடந்துவிட்டதாகக் கற்பனையில் மகிழ்வதையும் பிரித்துப் பார்த்தார்கள். வேலை தேடிய பட்டதாரிகள், இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எனப் பலதரப்பட்டோரிடம் ஒரே போக்கு தெரிந்தது. அனுபவம் சார்ந்த எதிர்பார்ப்பு முன்னேற்றம் தந்தது. இனிய கற்பனையில் மட்டும் திளைத்தவர்கள் பின்தங்கினார்கள். நம்புவதற்குக் காரணம் கிடைக்கும்போதுதான் நம்பிக்கை வேலை செய்கிறது.

அந்தக் காரணங்களைக் கொடுத்தவை எளிய விஷயங்கள். சம்பளம் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி. விடுதிக்குள்ளேயே மருத்துவக் குழு. ஊருக்குக் கைப்பேசிவழி பணம் அனுப்பும் வசதி. மனைவி மக்களின் முகத்தைப் பார்க்க இணைய இணைப்பு. நம் ஊர்ச் சுவையில் ஒரு வேளைச் சாப்பாடு. தமிழிலும் வங்காளத்திலும் பேசும் தொண்டூழியர். 2006 முதல் இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பு ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கியது. 2020 நவம்பரில் மனிதவள அமைச்சு, அரசு சாரா அமைப்புகளையும் மனநல வல்லுநர்களையும் சேர்த்து ‘புராஜெக்ட் டான்’ என்ற பணிக்குழுவை அறிவித்தது.

ஊழியர்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவியையும் இங்கே சொல்ல வேண்டும். 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, இவர்களுக்குள் தமிழிலும் வங்காளத்திலும் பிற மொழிகளிலும் எழுதுவோர் எத்தனை பேர் என்பதை முன்பே காட்டியிருந்தது. தன் துயரத்தைத் தன் மொழியில் எழுதவும் வாசிக்கவும் கேட்கவும் ஆள் இருப்பது ஒரு மனிதரை எண்ணிக்கையிலிருந்து மீட்டுப் பெயருள்ளவராக்குகிறது.

இப்போது கையில் இருப்பது

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, மனத்தெம்பு என்பது சிலருக்குப் பிறவியில் வாய்த்த குணம் என்ற எண்ணம் நிற்கவில்லை. நடக்கப் பாதை இருந்தவர் நடந்தார். மண்ணும் தொட்டியும் இருந்தவர் கீரை வளர்த்தார். அழைக்க ஆள் இருந்தவர் பேசினார். அவை இல்லாதவருக்கு மனவலிமை குறைவு என்று எவரும் சொல்லிவிட முடியாது. சூழல் கொடுக்கப்பட்டால் மனம் தன் பங்கைச் செய்கிறது.

ஆகவே, மழை மாதமோ நோய் மாதமோ வரும்போது ஒரு குடும்பம் செய்யக்கூடியவை உண்டு. காலையில் ஒரு முறையாவது வெளிச்சத்தில் நிற்பது. நாளுக்கு ஒரு வேலையை முன்னிரவே தீர்மானிப்பது. தனியாக இருக்கும் உறவினரை வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் அழைப்பது. பண்டிகையைச் சிறிதாகவேனும் தவறாமல் கொண்டாடுவது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் கெட்டுக் கிடந்தால் அது சோம்பலோ நன்றிகெட்டதனமோ இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

குடும்பத்தால் முடியாதவை சட்டத்திடம் போகின்றன. அவற்றில் மிகப் பெரியது இடம். 2021 செப்டம்பரில் சிங்கப்பூர் புதிய தங்குவிடுதிகளுக்கான தரத்தை உயர்த்தியது: ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் வசிப்பிடம், ஆறு பேருக்கு ஒரு குளியலறை, கழிப்பறை. முன்பு அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பே இல்லை; கழிப்பறை 15 பேருக்கு ஒன்று. பழைய விடுதிகள் ஏறத்தாழ 1,000. அவை 2030க்குள் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற இடைக்காலத் தரத்தையும் 2040க்குள் புதிய தரத்தையும் எட்ட வேண்டும் என்று 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தொற்றுநோய்த் தடுப்புக்கென வகுக்கப்பட்ட இந்த அளவுகளை மனநலத்தின் அளவுகோலாகவும் படிக்கலாம். சுவரோரம் ஒரு கட்டிலும், திரை போட்டுக்கொண்டு வீட்டோடு பேசச் சற்று இடமும் உள்ள ஊழியர், அடுத்த நெருக்கடியை வேறு விதமாக எதிர்கொள்வார். 2040 வரை காத்திருக்காமல் அந்த மாற்றத்தை முன்கூட்டியே செய்ய விடுதி உரிமையாளர்களும் முதலாளிகளும் முன்வர வேண்டும்.